பெருசுக்கு வயசாயிடுச்சு... அவ்வளவுதானா? - மறதி நோயின் கதை

"பெருசுக்கு வயசாயிடுச்சுப்பா, அதான் இப்படிப் பேசுது." கொல்லிமலையில எங்க திருப்புலி நாட்டுப் பக்கம் எந்த ஊர்த் திண்ணையில உட்கார்ந்தாலும் இதைக் கேட்கலாம். சாப்பிட்டதை மறந்துட்டு மறுபடி சோறு கேட்கிற தாத்தா, பெத்த மகனையே யாருன்னு கேட்கிற பாட்டி, அம்பது வருஷமா போய் வந்த காட்டுக்குப் போயிட்டு வழி தெரியாம நிக்கிற பெரியவர்... எல்லாருக்கும் ஒரே விளக்கம்தான், வயசு. சொல்றவங்க கெட்ட எண்ணத்துல சொல்றதில்லை. பாசமாத்தான் சொல்றாங்க. ஆனா அந்த ஒரு வார்த்தைக்குள்ள ஏழெட்டு வியாதி ஒளிஞ்சிருக்கு. அதுல சிலதைக் குணப்படுத்தவே முடியும். அதுதான் வயித்தெரிச்சல்.

இதைப் பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். நான் டாக்டர் இல்லை. சரித்திரம் படிக்கிற கிறுக்கு உள்ள ஆள், அவ்வளவுதான். அதனால இது மருத்துவக் குறிப்பு இல்லை, ஒரு வியாதியை மனுஷன் எப்படிக் கண்டுபிடிச்சான்கிற கதை. கொஞ்சம் நீளம். டீ காப்பி ஏதாவது பக்கத்துல வச்சுக்கிட்டுப் படிங்க :-)

பேர் வச்ச கதை

முதல்ல பேர். இங்கிலீஷ்ல டிமென்சியா. லத்தீன்ல இருந்து வந்தது, மனசு விலகிப் போறதுன்னு அர்த்தம். தமிழ்ல மறதி நோய், முதுமை மறதி, மூளைத் தேய்வுன்னு பல பேர்ல எழுதறாங்க. ஈழத்தமிழ்ல அழகான ஒரு சொல் இருக்கு: அறளை. 'அவருக்கு அறளை பேர்ந்திட்டுது' என்று சொல்வார்கள். வடக்கே இந்தியில 'சட்டியானா', அதாவது அறுபது ஆயிடுச்சு என்பது. லாரன்ஸ் கோகன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் காசியில தங்கி, இந்த மாதிரி பேச்சுகளை எல்லாம் ஆராய்ஞ்சு 1998-ல ஒரு புத்தகமே போட்டார். கேரளத்துல கிராமங்கள்ல ஆய்வு செஞ்சவங்க 'சின்னன்' என்ற சொல்லைக் கேட்டு எழுதியிருக்காங்க. சின்னப் பிள்ளை ஆயிட்டாங்கன்னு பொருள்.

கவனிச்சீங்களா? எல்லா மொழியிலயும் நிலைமைக்குப் பேர் இருக்கு. ஆனா எதுவுமே வியாதியின் பேர் இல்லை. எல்லாம் வயசின் பேர், இல்லேன்னா குணத்தின் பேர். மலையிலே மட்டும்தான் இப்படின்னு நினைக்காதீங்க. நூத்திச் சொச்சம் வருஷம் முன்னாடி வரைக்கும் ஐரோப்பாவிலும் இதே கதைதான்.

பிராங்க்பர்ட், 1901

ஜெர்மனியில பிராங்க்பர்ட் நகர மனநல விடுதி. 1901 நவம்பர் 25-ந் தேதி அகஸ்தே டெட்டர் என்ற பெண்ணைக் கொண்டு வந்து சேர்க்கிறாங்க. வயசு 51 தான். புருஷன் மேல திடீர் சந்தேகம், வீட்டு வேலையில குழப்பம், பொருளை எங்கேயோ ஒளிச்சு வச்சிட்டுத் தேடறது, ராத்திரியில கத்தறது.

அங்கே இருந்த மருத்துவர் அலோய்ஸ் ஆல்சைமர் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கிறார். பேர் என்ன? அகஸ்தே. குடும்பப் பேர்? அகஸ்தே. உன் வீட்டுக்காரர் பேர்? அதுக்கும் அகஸ்தேன்னுதான் நினைக்கிறேன் என்கிறாள். மத்தியானம் தட்டுல பன்றிக்கறியும் காலிபிளவரும் இருக்கு. என்ன சாப்பிடுறேன்னு கேட்டா கீரை என்கிறாள். பேரை எழுதச் சொன்னா பாதியில நின்னு போகிறது. நானே என்னைத் தொலைச்சிட்டேன் என்ற பொருளில் ஏதோ சொல்கிறாள். ஆல்சைமர் எல்லாத்தையும் பொறுமையாக எழுதி வைக்கிறார். அந்தப் பழைய பைல் காணாமப் போய், 1995-ல பிராங்க்பர்ட்டிலேயே மறுபடி கிடைச்சது. அதனாலதான் இன்னிக்கு நமக்கு இவ்வளவு விவரம் தெரியுது.

1906 ஏப்ரல்ல அந்த அம்மா இறந்து போனாங்க. அதுக்குள்ள ஆல்சைமர் மியூனிக்குக்கு, கிரேப்பலின் என்ற பெரிய மனநல மருத்துவர் கிட்ட, போயிட்டார். மூளையை அங்கே வரவழைச்சு, மெல்லிசா சீவி, வெள்ளி உப்புச் சாயம் ஏத்தி மைக்ராஸ்கோப்ல பார்த்தார். ரெண்டு விஷயம் தெரிஞ்சது. நரம்பு செல்லுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிவு. செல்லுக்கு உள்ளே நூல் சிக்கு மாதிரி முறுக்கு. இன்னிக்கு முதலாவதை அமிலாய்டு படிவு என்றும் ரெண்டாவதை டௌ புரதச் சிக்கு என்றும் சொல்றாங்க. அமிலாய்டு என்ன புரதம்னு பிரிச்சுக் கண்டுபிடிக்க 1984 ஆயிடுச்சு.

1906 நவம்பர் 3, டூபிங்கன் நகரத்துல மருத்துவர்கள் கூட்டம். ஆல்சைமர் இதைப் பேசினார். பேசி முடிச்சதும் ஒருத்தரும் ஒரு கேள்வி கூடக் கேட்கலை! 1910-ல கிரேப்பலின் தன் பாடப்புத்தகத்துல 'ஆல்சைமர் நோய்' என்று பேர் வச்சு எழுதின பிறகுதான் அது நிலைச்சது.

இங்கதான் ஒரு சிக்கல். அகஸ்தேக்கு வயசு அம்பது சொச்சம். அதனால இது நடுவயசுல வர்ற அபூர்வ வியாதின்னு வகைப்படுத்திட்டாங்க. எழுபது, எண்பது வயசுல மறந்தா? 'அது முதுமை, சகஜம்' என்று அவங்களும் நம்ம திண்ணைப் பேச்சையே பேசினாங்க. அறுபது வருஷம் இப்படியே ஓடுச்சு. 1968-ல இங்கிலாந்துல நியூகாசில்ல பிளெஸ்ஸட், டாம்லின்சன், ராத் என்ற மூணு பேர், வயசான காலத்துல மறதி வந்து இறந்தவங்க மூளையை ஆராய்ஞ்சாங்க. அகஸ்தே மூளையில இருந்த அதே திட்டு, அதே சிக்கு. 1976-ல ராபர்ட் காட்ஸ்மன் என்ற அமெரிக்க மருத்துவர், நடுவயசு வியாதியும் முதுமை மறதியும் ஒண்ணேதான், இது சாவுக்குப் பெரிய காரணங்கள்ல ஒண்ணுன்னு எழுதினார். அதுக்கப்புறம்தான் உலகம் முழிச்சுக்கிச்சு. அதாவது, வயசாயிடுச்சுங்கிற விளக்கம் மருத்துவப் புத்தகத்தை விட்டு வெளியேறி இன்னும் அறுபது வருஷம் கூட முழுசா ஆகலை.

ஒரே குடை, பல பேர்

டிமென்சியா என்பது ஒரு குடை மாதிரி. கீழே நிக்கிறவங்க வேற வேற ஆளுங்க. முக்கியமான நாலு பேரைப் பார்ப்போம்.

ஆல்சைமர்: உலகம் பூரா பார்த்தா இதுதான் பெரும்பான்மை. மெதுவா வரும். பழைய கதை எல்லாம் அட்சரம் பிசகாம சொல்வாங்க, காலையில நடந்தது மட்டும் நினைவிருக்காது. புது நினைவைப் பதிவு பண்ற மூளைப் பகுதி முதல்ல அடிபடுறதாலதான் இப்படி. 'முப்பது வருஷத்துக்கு முந்தினதை எல்லாம் சொல்றாரே, அவருக்கா மறதி?' என்று வீட்டுல ஏமாந்து போறதும் இதனாலதான்.

ரத்தக்குழாய் வகை: மூளைக்குப் போற ரத்தம் அங்கங்கே அடைபட்டுச் சின்னச் சின்னதா செல்கள் செத்துப்போறது. 1894-லயே பின்ஸ்வாங்கர் இதைப் பத்தி எழுதினார். ரத்தக்குழாய் தடிக்கிறதுதான் எல்லா முதுமை மறதிக்கும் காரணம்னு ரொம்ப காலம் பொதுவா நம்பிட்டு இருந்தாங்க. 1974-ல ஹச்சின்ஸ்கி குழுவினர்தான், குழாய் தடிச்சா மட்டும் போதாது, பல இடத்துல அடைப்பு விழுந்து திசு செத்தாத்தான் இது வரும்னு தெளிவு பண்ணாங்க. இது படி இறங்கற மாதிரி வரும். ஒரு படி சரிவு, கொஞ்ச நாள் அப்படியே, அப்புறம் இன்னொரு படி. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை மூணும் இதுக்குத் தீனி.

லூயி உடல் வகை: ஆல்சைமரோட மியூனிக் ஆய்வுக்கூடத்துல வேலை பார்த்த பிரிட்ஸ் லூயி, 1912-ல பார்க்கின்சன் நோயாளிகள் மூளையில உருண்டை உருண்டையா ஏதோ இருக்கறதைக் கண்டார். அதே உருண்டை மூளை முழுக்கப் பரவினா மறதி நோயாகும்னு ஜப்பான்ல கென்ஜி கோசகா 1976-ல எழுதினார். இதுல இல்லாத ஆளு கண்ணுக்குத் தெரியும். 'செத்துப்போன எங்க அண்ணன் மூலையில உட்கார்ந்திருக்கான்' என்பாங்க. நடை தளரும், தூக்கத்துல கைகாலை வீசுவாங்க, ஒரு நாள் தெளிவு ஒரு நாள் குழப்பம். நம்ம ஊர்ல இது நேரா பேய் பிசாசுக் கணக்குல போய்ச் சேர்ந்திடும். முக்கியமா ஒண்ணு: இவங்களை அடக்கறதுக்கு ஹாலோபெரிடால் மாதிரி மனநல மாத்திரை கொடுத்தா உடம்பு கட்டை மாதிரி விறைச்சு உயிருக்கே ஆபத்தாகலாம். வகையைத் தெரிஞ்சுக்கிறது வெறும் பேருக்காக இல்லைங்கிறதுக்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நெற்றிப்பகுதி வகை: 1892-ல பிராக் நகரத்துல ஆர்னால்ட் பிக் விவரிச்சது. இதுல மறதி முதல்ல வராது. குணம் மாறும். கூச்சப்படற மனுஷன் கண்டபடி பேசுவார், கணக்காய் இருந்தவர் காசை வாரி இறைப்பார், அழுகை இரக்கம் எதுவும் இருக்காது. அம்பது அறுபது வயசுலயே வரும். 'கிழவனுக்குக் கொழுப்பு' என்று திட்டு வாங்கியே பல பேர் போய்ச் சேர்ந்திருப்பாங்க, பாவம்.

ஒண்ணுக்கு மேல சேர்ந்து வர்றதும் உண்டு. எண்பது தாண்டினவங்ககிட்ட கலப்பு வகைதான் சகஜம்.

சேலத்துக்காரரும் சோளமும்

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வரேன். குடைக்குக் கீழே, குணமாகிற ஆளுங்களும் நிக்கிறாங்க.

பெலாக்ரான்னு ஒரு வியாதி. தோல் வெடிப்பு, வயித்துப்போக்கு, புத்தித் தடுமாற்றம், கடைசியில சாவு. 1900-களின் ஆரம்பத்துல அமெரிக்காவின் தெற்கு மாநிலங்கள்ல மனநல விடுதிகள் இந்த நோயாளிகளால நிறைஞ்சிருந்தது. கிருமிதான் காரணம்னு எல்லாரும் சொன்னாங்க. 1914-ல அரசாங்கம் அனுப்பின ஜோசப் கோல்ட்பெர்கர், 'விடுதியில நோயாளிக்கு வருது, கூடவே இருக்கிற ஊழியனுக்கு ஏன் வரலை?' என்று யோசிச்சார். விடை தட்டுல இருந்தது. நோயாளிகளுக்கு மக்காச்சோளம்தான் பிரதானச் சாப்பாடு. 1937-ல எல்வஜெம் என்ற விஞ்ஞானி நயாசின் என்ற வைட்டமின்தான் மருந்துன்னு கண்டுபிடிச்சார். பைத்தியம்னு முத்திரை குத்தி அடைச்சு வச்சவங்க வைட்டமின் கொடுத்ததும் எழுந்து வீட்டுக்குப் போனாங்க!

இதுல நம்ம ஊர்ச் சம்பந்தம் ஒண்ணு இருக்கு. 1918-ல சேலத்துல பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில படிச்ச சி.கோபாலன். இந்தியாவின் சத்துணவு ஆராய்ச்சிக்கே பெரியவர். குன்னூர்ல ஆரம்பிச்சு 1958-ல ஹைதராபாத் போன நிறுவனத்தை, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை, நடத்தினவர். தக்காணத்துல மக்காச்சோளம் சாப்பிடாத, வெறும் வெள்ளைச் சோளம் சாப்பிடற ஏழைகளுக்கும் பெலாக்ரா வர்றதை அவரும் ஸ்ரீகாந்தியாவும் 1960-ல எழுதினாங்க. சோளத்துல லியூசின் என்ற அமினோ அமிலம் அதிகமா இருக்கறது காரணம்னு சொன்னாங்க. அந்த விளக்கம் பின்னாடி விவாதத்துக்கு உள்ளாச்சு. ஆனா ஒரே தானியத்தை மட்டும் நம்பி வாழற ஏழை வயிறு மூளையையும் கெடுக்கும் என்பதில விவாதம் இல்லை. சாமை, தினை, கேழ்வரகு, பயறு, கீரைன்னு கலந்து சாப்பிட்ட மலைக்காரங்க பழைய சாப்பாட்டு முறையை நினைச்சுப் பார்க்கறேன். இன்னிக்கு மலையிலும் ரேஷன் அரிசிதான் பிரதானம்.

இந்த மாதிரி குணமாகக்கூடிய காரணங்கள் இன்னும் இருக்கு:

- வைட்டமின் பி12 குறைவு. பால், முட்டை, மாமிசம் சரியாக் கிடைக்காதவங்களுக்கும், வருஷக்கணக்கா மெட்பார்மின் சர்க்கரை மாத்திரை சாப்பிடறவங்களுக்கும் வரலாம்.
- தைராய்டு சுரப்பு குறைவு.
- தலையில அடிபட்டு, சில வாரம் கழிச்சு மெதுவாச் சேர்ற ரத்தக்கட்டு. பாட்டி வழுக்கி விழுந்ததை எல்லாரும் மறந்திருப்பாங்க.
- மூளை நீர் தேங்கறது. 1965-ல கொலம்பியாவின் ஹக்கிம் விவரிச்சது. மறதியோட நடை ஒட்டிப்போகும், சிறுநீர் அடக்க முடியாது. குழாய் வச்சு நீரை வடிச்சா பல பேர் தேறறாங்க.
- நாள்பட்ட குடி. தயமின் என்ற வைட்டமின் குறைஞ்சு நினைவு போகும். சீக்கிரம் ஊசி போட்டா காப்பாத்தலாம், விட்டா நிரந்தரம்.
- மனச்சோர்வு. துணை போன பிறகு பேச்சு குறைஞ்சு, ஞாபகம் குறைஞ்சு உட்கார்ந்திருக்கிறவங்க.
- தூக்க மாத்திரை மாதிரி சில மருந்துகள்.

இன்னொண்ணு. நேத்து நல்லா இருந்தவர் இன்னிக்குத் திடீர்னு உளறினா அது மறதி நோய் இல்லை. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உப்புச்சத்துக் குறைவுன்னு ஏதோ ஒண்ணு. அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும்.

நம்ம நாட்டுக் கதை

சென்னையில 1794-லயே மனநோயாளிகளுக்கு விடுதி இருந்தது. 1871-ல கீழ்ப்பாக்கத்துல இப்ப இருக்கிற இடத்துக்கு வந்தது. 1922-ல அரசு மனநல மருத்துவமனை, 1978-ல மனநலக் கழகம்னு பேர் மாறுச்சு. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அதன் தலைமையில இருந்தார். 1984-ல ஸ்கார்ஃப் அமைப்பை ஆரம்பிச்சார். அந்த ஸ்கார்ஃப் இன்னிக்கு மறதி நோயாளிகளுக்கும் சேவை செய்யுது. 1978-லயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில முதியோருக்குன்னு தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கினவர் வி.எஸ்.நடராஜன். வயசானவங்களுக்குத் தனி மருத்துவம் எதுக்குன்னு கேட்ட காலம் அது. 2024 பிப்ரவரியில கிண்டியில 200 படுக்கையோட தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தாங்க. நடுவுல 46 வருஷம்.

எத்தனை பேருக்கு இருக்கு? தொண்ணூறுகள்ல எஸ்.ராஜ்குமார் குழு செங்கல்பட்டு மாவட்டத்துத் திருப்போரூர்ல வீடு வீடாப் போனாங்க. அறுபது தாண்டினவங்கள்ல 3.5 சதவீதம்னு கணக்கு வந்தது. அதுக்குள்ள 1992-ல கேரளத்துக் குன்னம்குளத்துல ஜேக்கப் ராய் இந்திய ஆல்சைமர் சங்கத்தை ஆரம்பிச்சிட்டார்.

1998-ல கொச்சியில நடந்த உலக மாநாட்டுல ஒரு குழு பிறந்தது. பேரே விசித்திரம்: 10/66. உலக மறதி நோயாளிகள்ல 66 சதவீதம் ஏழை நாடுகள்ல இருக்காங்க, ஆனா ஆராய்ச்சியில 10 சதவீதம் கூட அங்கே நடக்கறதில்லைங்கிற கோபம்தான் அந்தப் பேர். தமிழ்நாட்டுல சென்னையும் வேலூரும் அதுல சேர்ந்தன.

2008-ல லான்செட் இதழ்ல வந்த முடிவைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன். அமெரிக்க இலக்கணப்படி அளந்தா கியூபாவுல 6.3 சதவீதம். வேலூர்ப் பக்கத்துக் கிராமத்துல? 0.3 சதவீதம்! ஆகா, நம்ம கிராமத்துல மறதி நோயே இல்லைன்னு கொண்டாடலாமா? அவசரப்படாதீங்க. அதே ஆளுங்களை, படிப்புக்கும் ஊருக்கும் பொருந்தற மாதிரி 10/66 குழு உருவாக்கின முறையில அளந்தப்போ எண்ணிக்கை பல மடங்கு ஏறிடுச்சு.

ஏன் இந்த வித்தியாசம்? அந்த இலக்கணத்துல ஒரு நிபந்தனை: மறதியால அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்கணும், வீட்டு ஆளுங்க அதைச் சொல்லணும். நம்ம கிராமத்துல பாட்டி சமைக்கலைன்னா மருமகள் சமைப்பாள். தாத்தா சந்தைக்குப் போகலைன்னா பேரன் போவான். பெரியவங்க செய்யணும்னு யாரும் எதிர்பார்க்கறதே இல்லை. 'ஏதாவது சிரமம் உண்டா?' என்று கேட்டா 'ஒண்ணும் இல்லைங்க, வயசாயிடுச்சு' என்பதுதான் பதில். கூட்டுக்குடும்பத்தின் பாசமே வியாதிக்குத் திரை போட்டிடுச்சு. இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வர்றது இந்த ஒரு இடம்தான்.

பரிசோதனைக் கேள்விகளிலும் சிக்கல். 1975-ல அமெரிக்காவுல போல்ஸ்டீன் உருவாக்கின 30 மதிப்பெண் சோதனையில வாக்கியம் எழுதணும், சொல்லைத் தலைகீழா எழுத்துக் கூட்டணும். பள்ளிக்கூடமே பார்க்காத பாட்டியை இப்படிச் சோதிச்சா தெளிவான பாட்டியும் பெயில்தான். ஹரியானாவுல பல்லப்கர்ல ஆய்வு செஞ்ச கங்குலி குழு 1995-ல இதை மாத்தினாங்க. எழுத்துக்குப் பதில் கிழமைகளைத் திருப்பிச் சொல்லச் சொன்னாங்க. படிச்சுச் செய்யற கட்டளைக்குப் பதில், நான் கண்ணை மூடறேன் நீங்களும் மூடுங்கன்னு கேட்டாங்க. எளிமையான யோசனை. ஆனா அந்த எளிமை வர இருபது வருஷம்.

படிக்காதவங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஹைதராபாத்ல சுவர்ணா அல்லாடி குழு 648 நோயாளிகளை ஆராய்ஞ்சு 2013-ல எழுதினாங்க: ஒரே மொழி பேசறவங்களைவிட ரெண்டு மொழி பேசறவங்களுக்கு நோய் நாலரை வருஷம் தள்ளி வருது, எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் இது பொருந்துது.

2023-ல வெளியான பெரிய தேசியக் கணக்குப்படி அறுபது தாண்டின இந்தியர்கள்ல 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்துக்கும் அதிகம். 0.3-ஐ நினைச்சுக்கோங்க.

மருந்து: பனிப்பூவும் வல்லாரையும்

ஆல்சைமர்ல அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் குறையுது. அதைச் சிதைக்கிற நொதியைத் தடுத்தா கொஞ்சம் தாக்குப் பிடிக்கலாம். இதுதான் இப்ப உள்ள பெரும்பாலான மாத்திரைகளின் சூத்திரம். அதுல ஒண்ணு காலன்டமைன். பல்கேரியா, காகசஸ் மலைப்பக்கம் பூக்கிற பனித்துளிப் பூவிலிருந்து வந்தது. சோவியத் விஞ்ஞானிகள் 1951-ல எழுதினாங்க, பல்கேரியாவுல பாஸ்கோவ் மருந்தாக்கினார். முதல்ல இளம்பிள்ளை வாதத்துக்குத்தான் கொடுத்தாங்க. 2001-ல அமெரிக்கா இதை ஆல்சைமருக்கு அனுமதிச்சது. ஜப்பான்ல ஹச்சிரோ சுகிமோட்டோ உருவாக்கின டோனெபெசில் 1996-ல வந்தது. அவரோட அம்மாவுக்கே மறதி நோய் இருந்தது. ரிவாஸ்டிக்மின், மெமன்டின் அடுத்தடுத்து வந்தன. இவை எல்லாம் நோயை நிறுத்தாது. சில மாசமோ, ஒரு வருஷமோ, கொஞ்சம் தெளிவைத் தக்க வைக்கும்.

புதுசா அமிலாய்டையே கரைக்கிற ஊசிகள். லெக்கனிமேப் 2023-லயும் டோனனிமேப் 2024-லயும் அமெரிக்காவுல முழு அனுமதி பெற்றன. லெக்கனிமேப் ஆய்வுல பதினெட்டு மாசத்துல சரிவு 27 சதவீதம் மெதுவாச்சு. ஆரம்பக் கட்டத்துக்கு மட்டும்தான். மூளை வீக்கம், ரத்தக்கசிவு அபாயம் உண்டு, அடிக்கடி ஸ்கேன் வேணும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வர்ற ஊருக்கு இது எப்ப வரும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

'நம்ம மலையில வல்லாரை இருக்கே?' என்று கேட்பீங்க. எனக்கும் வல்லாரைத் துவையல் உசுரு. பனிப்பூவிலிருந்து மருந்து வந்த மாதிரி இதுலிருந்தும் வரலாம், சித்த மருத்துவத்துல பழைய இடம் அதுக்கு உண்டு. ஆனா மறதி நோயை வல்லாரை குணமாக்கும்னு நிரூபிச்ச பெரிய ஆய்வு இல்லை. துவையலாச் சாப்பிடுங்க. அதை நம்பி பி12 பரிசோதனையைத் தள்ளிப் போடாதீங்க.

என்ன செய்யலாம்?

2024-ல லான்செட் குழு சொன்னது: 14 காரணங்களைச் சரி பண்ணினா உலகத்துல 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும். படிப்பு, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு, புகை, குடி, தலைக்காயம், தனிமை எல்லாம் அதுல வருது. ரெண்டு விஷயம் நம்மாளுங்க யோசிக்காதது: காது, கண். காது கேட்காதவர் பேச்சை விட்டு ஒதுங்குவார். பேச்சு போனா மூளைக்கு வேலை போகும். கண்புரை ஆபரேஷனும் காதுக் கருவியும் மூளைக்கும் வைத்தியம்தான்.

2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல கொதிப்பு, சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருது. அதை ஒழுங்காப் போடறதே ரத்தக்குழாய் வகை மறதிக்கு முதல் தடுப்பு. மாத்திரை கொடுக்க வர்ற அக்காகிட்ட 'எங்க தாத்தாவுக்கு ஒரு ஆறு மாசமா ஞாபகம் தப்புது' என்று ஒரு வார்த்தை சொல்லி வைங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா மூணு விஷயம் சொல்லுங்க: எப்ப ஆரம்பிச்சது, மெதுவா வந்ததா திடீர்னு வந்ததா, என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க. ரத்தத்துல பி12, தைராய்டு, சர்க்கரை, உப்பு பார்க்கச் சொல்லிக் கேளுங்க. மறதி நோய்தான்னு உறுதியானாலும் ஆலோசனைக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கு, காசு கிடையாது.

கடைசியா பார்த்துக்கிறவங்களைப் பத்தி. பெரும்பாலும் மருமகளோ மகளோதான். ராத்திரி தூக்கமில்லை, பகல்ல காட்டு வேலை. 'எனக்குச் சோறே போடலை' என்று பாட்டி ஊரெல்லாம் சொல்லும். ஊரும் மருமகளைத்தான் பேசும். வியாதிக்குப் பேர் வைக்காததால வர்ற தண்டனை நோயாளிக்கு மட்டும் இல்லை, அந்த மருமகளுக்கும்தான். பாட்டி பொய் சொல்லலை, மருமகள் பட்டினி போடலை, மூளையில சாப்பிட்ட நினைவு பதியலை, அவ்வளவுதான். இதை ஊர்ல நாலு பேர் புரிஞ்சுக்கிட்டாலே ஒரு வீட்டுல பாதிச் சண்டை குறையும்.

அடுத்த தடவை யாராவது 'பெருசுக்கு வயசாயிடுச்சு' என்று சொன்னா, 'சரி, வயசோட வேற என்ன ஆச்சு?' என்று ஒரு கேள்வி கேளுங்க.

பி.கு: யாருக்கு என்ன மாத்திரைன்னு முடிவு பண்ண வேண்டியது மருத்துவர்தான். இதைப் படிச்சிட்டு மருந்துக்கடையில போய் நிக்காதீங்க மக்களே.